காமாலையின் சுவடு: ஓர் இரத்தப் பரிசோதனை பிறந்த வரலாறு

காமாலை என்ற சொல் நம்மவர்க்குப் புதிதன்று. பசி மந்தித்து, வாய் கசந்து, உடல் சோர்ந்து ஒருவர் படுத்துவிட்டால், வீட்டிலுள்ள பாட்டிமார் முதலில் பார்ப்பது அவருடைய கண்ணின் வெள்ளையைத்தான். அங்கே மஞ்சள் படர்ந்திருந்தால் போதும், நோய்க்குப் பெயர் சூட்டியாயிற்று. உடனே கொல்லைப்புறத்துக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது என்று பத்தியம் வைப்பார்கள். ஊரை விட்டு மும்பைக்கும் டில்லிக்கும் உத்தியோகத்தின் பொருட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கைவைத்தியத்தை மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டே வந்தன. மராத்தியர் 'புயி ஆவளா' என்று சொல்லும் செடி நம்முடைய கீழாநெல்லியே என்று தெரிந்துகொண்டு மனம் தேறிய தாய்மார் பலர் இருக்கக்கூடும்.

'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பது நம் பழமொழி. நோயாளிக்குச் சொன்ன இந்தப் பழமொழி மருத்துவத்துக்கும் நெடுங்காலம் பொருந்தியே இருந்தது. மருத்துவரும் மஞ்சளைத்தான் கண்டார். மஞ்சளோ நோயன்று, நோயின் அடையாளம். கல்லீரல் தன் வேலையைச் செய்யத் தவறும்போது, பித்தநீரின் நிறப்பொருள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. கல்லீரல் தவறுவதற்கு மதுவும் காரணமாகலாம். மருந்தின் நஞ்சும் காரணமாகலாம். பித்தநாளத்தை அடைத்த கல்லும் காரணமாகலாம். வைரஸ் கிருமிகளும் காரணமாகலாம். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று சொல்லலாம். எரிவது என்ன விறகு என்று புகை சொல்லாது.

அந்த விறகைக் கண்டறிந்த கதைதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இரத்தத்தில் மிதக்கும் ஒரு வைரஸின் புரதத்தைக் கண்டு, அளந்து, அதன் மூலம் ஒரு நோயைத் தெரிந்துகொள்ள மனிதன் கற்றுக்கொண்ட கதை அது.

முதலில் ஜெர்மனி தேசத்தின் பிரேமன் நகருக்குச் செல்வோம். 1883ஆம் ஆண்டு அந்நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 1,289 தொழிலாளருக்குப் பெரியம்மைத் தடுப்பு ஊசி குத்தப்பட்டது. குத்தப் பயன்பட்டது மனிதரிடமிருந்து எடுத்த நிணநீர். அடுத்த சில மாதங்களில் அவர்களுள் 191 பேருக்குக் காமாலை கண்டது. அதே தளத்தில், வேறு நிணநீரால் அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு அந்நோய் வரவில்லை. லூர்மன் என்ற மருத்துவர் இதனை ஆராய்ந்து 1885இல் எழுதி வைத்தார். ஒருவர் உடலிலிருந்து எடுத்த நீர் இன்னொருவர் உடலுக்குள் காமாலையைக் கொண்டு செல்லக்கூடும் என்பதற்கு அது முதற் சான்றாக அமைந்தது. ஆயினும் நீரில் இருந்தது யாது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில், அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சட்காய்ச்சல் தடுப்பு மருந்து குத்தப்பட்டது. மருந்து கெடாமலிருக்க அதில் மனித இரத்தத்தின் சீரம் சேர்க்கப்பட்டிருந்தது. இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரையே சீரம் என்கிறோம். அந்தச் சீரத்தின் சில பகுதிகளில் நோய் ஒளிந்திருந்தது. ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். காப்பாற்ற வந்த மருந்தே நோயைச் சுமந்து வந்த அந்த வேதனையான சம்பவத்துக்குப் பின்னர், 1947இல் பிரிட்டனைச் சேர்ந்த மெக்கல்லம் என்ற ஆராய்ச்சியாளர், வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியை இரண்டாகப் பிரித்துப் பெயரிட்டார். உணவாலும் தண்ணீராலும் பரவுவது 'ஹெபடைடிஸ்-ஏ'. இரத்தத்தால் பரவுவது 'ஹெபடைடிஸ்-பி'.

பெயர் இரண்டாயிற்றே ஒழிய, படுக்கையில் கிடக்கும் ஒரு நோயாளிக்கு வந்திருப்பது இதுவா அதுவா என்று சொல்ல வழி பிறக்கவில்லை. இரண்டிலும் கண் ஒரே விதமாகத்தான் மஞ்சளாகும். இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை நம் நாட்டின் தலைநகரமே அனுபவித்து அறிந்தது. 1955ஆம் ஆண்டின் இறுதியில், நஜப்கட் சாக்கடையின் கழிவுநீர் யமுனையில் எதிர்த்து ஏறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகாமல் அது காத்தது. வைரஸைத் தடுக்க அது போதவில்லை. 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி வரையில் டில்லி நகரில் சுமார் 29,300 பேருக்குக் காமாலை கண்டதாக மதிப்பிட்டார்கள். அந்நாளில் அங்கே உத்தியோகம் பார்த்த தமிழர்களும் அந்த நகரத்தின் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்களே. தண்ணீரால் பரவியதனால் அது ஹெபடைடிஸ்-ஏ என்றே மருத்துவ உலகம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் சரிதானா என்பதை இரத்தமே பின்னொரு காலத்தில் சொல்ல இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இனி, விடையைக் கண்டவரிடம் வருவோம். அவர் காமாலையைத் தேடிப் புறப்பட்டவரே அல்லர் என்பதுதான் இந்த வரலாற்றின் விந்தை.

பாருக் பிளம்பர்க் 1925 ஜூலை 28இல் நியூயார்க்கில் பிறந்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோது, 1950இல், தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டில் மோங்கோ என்னும் சுரங்க ஊரில் சில மாதங்கள் பணி செய்தார். இந்தியா, ஜாவா, ஆப்பிரிக்கா, சீனா ஆகிய இடங்களிலிருந்து தோட்ட வேலைக்காகப் போனவர்களின் சந்ததியார் அங்கே அருகருகே வாழ்ந்தனர். ஒரே ஊர், ஒரே கொசு. ஆயினும் யானைக்கால் நோயின் புழு எல்லா மக்களையும் ஒரே அளவில் பிடிக்கவில்லை. மனிதருக்கு மனிதர் இரத்தத்தில் என்ன வேற்றுமை? ஒரு நோய் ஒருவரைப் பிடித்து இன்னொருவரை விடுவது எதனால்? இந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

பல நாட்டு மக்களின் சீரத்தைச் சேகரித்து, அவற்றிலுள்ள புரதங்களை அவர் ஒப்பிடத் தொடங்கினார். அதற்கு அவர் கண்ட உபாயம் எளியது. பலமுறை பிறருடைய இரத்தத்தை ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் உடலில், தம்மிடம் இல்லாத புரதங்களுக்கு எதிராக 'எதிர்ப்பொருள்' உண்டாகியிருக்கும். அயலான பொருளைக் கண்டு உடல் செய்யும் ஆயுதமே எதிர்ப்பொருள். அந்த ஆயுதத்தைச் செய்யத் தூண்டும் அயற்பொருளுக்கு 'ஆன்டிஜென்' என்று பெயர். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல ஓர் ஆன்டிஜெனுக்கு அதற்குரிய எதிர்ப்பொருளே பொருந்தும். கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் என்னும் பசையைத் தட்டில் ஊற்றி உறையவைத்து, நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் சில குழிகளும் வெட்டுவார்கள். நடுக்குழியில் ஒருவர் சீரம். சுற்றுக்குழிகளில் மற்றவர் சீரம். இரண்டும் பசையினூடே மெல்ல ஊறி வரும். பொருந்தியவை சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். கோடு விழுந்தால் பூட்டும் சாவியும் கூடின என்று அர்த்தம்.

1963இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து பிளம்பர்க் இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். இரத்தம் உறையாத நோயினால் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் சீரத்தை, 24 பேருடைய சீரங்களோடு சோதித்தார்கள். ஒரே ஒரு சீரத்துக்கு மட்டும் கோடு விழுந்தது. அது ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவருடைய சீரம். கோட்டைச் சாயம் தோய்த்துப் பார்த்தபோது, கொழுப்பைக் காட்டும் சாயம் அதில் அவ்வளவாகப் பற்றவில்லை. புரதத்தைக் காட்டும் சாயத்தில் அது சிவந்தது. அதுவரை அவர்கள் கண்ட பொருள்களில் அது சேரவில்லை. 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்து, 1965இல் அதனைப் பற்றி வெளியிட்டார்கள். அது என்ன என்று மட்டும் அப்போது தெரியவில்லை.

பெயர் தெரியாத அந்தப் புரதம் எங்கெங்கே இருக்கிறது என்று ஆயிரக்கணக்கான சீரங்களில் தேடினார்கள். ஆரோக்கியமான அமெரிக்கரில் ஆயிரம் பேரில் ஒருவரிடமே இருந்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள பல மக்களிடம் அதிகமாக இருந்தது. இரத்தப் புற்றுநோய் கண்டவர்களிடம் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் காணப்பட்டது. ஆகவே அது புற்றுநோய் வரக்கூடியவர்களின் பரம்பரைக் குறியாக இருக்கலாம் என்று பிளம்பர்க் ஊகித்தார். டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதனால், விடுதிகளில் வாழ்ந்த அவர்களைச் சோதித்தார். அவர்களிடம் அது மிகுதியாகவே இருந்தது. ஊகம் உறுதிப்பட்டதுபோலத் தோன்றியது.

உண்மையில் அது பிழையான ஊகம். பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டதில்தான் இந்த ஆராய்ச்சியின் பெருமை இருக்கிறது. 1966இல், முன்பு சோதித்தபோது இந்தப் புரதம் இல்லாதிருந்த டவுன் நோய்க்குறி வாலிபர் ஒருவரை மறுபடி சோதித்தபோது புரதம் காணப்பட்டது. பரம்பரைக் குறியாயின் பிறவியிலேயே இருக்க வேண்டும், இடையில் வருமா? அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பரிசோதித்தார்கள். கண்ணில் மஞ்சள் இல்லை. ஆனால் கல்லீரல் அழற்சி இருந்தது. சோதனைக்கூடத்திலேயே அடுத்த சான்று கிடைத்தது. 1967இல் அங்கே வேலை பார்த்த பெண் ஆய்வாளர் ஒருவருக்கு உடல் சோர்ந்தது. அவர் தம்முடைய சீரத்தைத் தாமே சோதித்தார். மங்கலான கோடு ஒன்று விழுந்தது. பிறகுதான் காமாலை வெளிப்பட்டது. நல்ல வேளையாக அவர் முற்றிலும் குணமடைந்தார். வைரஸ் காமாலை இன்னதென்று இந்தச் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் நோயாளி அவரே.

புரதம் பரம்பரையைச் சேர்ந்ததன்று. கிருமியைச் சேர்ந்தது என்பது இப்போது தெளிவாயிற்று. இரத்தப் புற்றுநோயாளிகளிடம் அது மிகுந்திருந்ததற்கு, அவர்கள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டதும் அவர்களுடைய நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்ததுமே காரணங்கள். 1968இல் அமெரிக்காவில் ஆல்பிரட் பிரின்ஸ், ஜப்பானில் ஒகோச்சி ஆகியோரும் தனித்தனியே ஆராய்ந்து, இரத்தத்தால் பரவும் காமாலையோடு இப்புரதத்துக்கு உள்ள உறவை உறுதி செய்தார்கள். 1970இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் டேவிட் டேன் என்பவர் மின்னணு நுண்ணோக்கியில் முழு வைரஸையே கண்டார். அதன் குறுக்களவு 42 நானோமீட்டர். மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர்.

இவ்வளவு சிறியதொரு கிருமியின் புரதம், பசைத் தட்டில் கண்ணுக்குத் தெரியும் கோடாக விழுந்தது எப்படி? இங்கே இந்த வைரஸின் விசித்திர குணம் ஒன்று உண்டு. அது தன் மேற்சட்டையைத் தேவைக்குமேல் பன்மடங்கு தைத்துக் குவிக்கிறது. உள்ளே கிருமி இல்லாத வெறும் சட்டைகள், முழு வைரஸ்களைவிட ஆயிரம் மடங்கு முதல் இலட்சம் மடங்கு வரை அதிகமாக இரத்தத்தில் மிதக்கின்றன. உடலின் காவற்படையை ஏமாற்றி அலைக்கழிக்க வைரஸ் செய்யும் சூழ்ச்சி இது என்று கருதப்படுகிறது. அந்தச் சூழ்ச்சியே அதனைக் காட்டிக் கொடுத்தது. பிளம்பர்க் கண்ட கோடு, அந்த வெறும் சட்டைகள் விட்ட சுவடேயாகும்.

பசைத் தட்டுக் கோட்டுக்குப் புரதம் நிறைய வேண்டியிருந்தது. குறைந்த அளவைக் கண்டறியப் புதிய முறைகள் தேவைப்பட்டன. ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அளக்கக் கண்டுபிடித்த கதிரியக்க அளவீட்டு முறை, 1970களின் தொடக்கத்தில் இந்த ஆன்டிஜெனை அளக்கவும் கையாளப்பட்டது. 1971இல் ஸ்வீடனிலும் ஹாலந்திலும் தனித்தனியே 'எலைசா' என்ற முறை பிறந்தது. சிறு குழியின் சுவரில் எதிர்ப்பொருளைப் பூசி வைத்து, அதில் நோயாளியின் சீரத்தை ஊற்றுவார்கள். புரதம் இருந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் நொதி சேர்த்த இன்னொரு எதிர்ப்பொருளை ஊற்றினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஒரு நிறமூட்டியைச் சேர்த்தால் நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு புரதம். இன்று வழங்கும் சோதனைகள் பலவற்றில், அமிலம் சேர்த்து முடிக்கும்போது அந்நிறம் மஞ்சளாகவே நிற்கிறது. பாட்டிமார் கண்ணில் தேடிய மஞ்சளை இப்போது கண்ணாடிக் குழியில் தேடுகிறோம். நோயாளியின் கண் மஞ்சளாவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இந்தக் குழி மஞ்சளாகிவிடும் என்பதுதான் வித்தியாசம்.

பரிசோதனைச் சீட்டில் காணும் எழுத்துக்களின் பொருளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எச்.பி.எஸ்.ஏ.ஜி.' என்று போட்டிருப்பதே மேற்சட்டைப் புரதமாகிய பழைய ஆஸ்திரேலியா ஆன்டிஜென். அது இருந்தால் வைரஸ் உடலில் இருக்கிறது. ஆறு மாதம் கடந்தும் நீங்கவில்லையாயின் நோய் நாட்பட்டதாகக் கொள்ளப்படும். அந்தச் சட்டைக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், நோய் வந்து குணமாகியிருக்க வேண்டும், அல்லது தடுப்பூசி பலித்திருக்க வேண்டும். வைரஸின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தால் இயற்கையாகவே தொற்று நேர்ந்தது என்று அறியலாம். தடுப்பூசி அதை உண்டாக்காது. சட்டைப் புரதம் மறைந்து, அதன் எதிர்ப்பொருள் இன்னும் தோன்றாத இடைவெளி ஒன்று சிலருக்கு உண்டு. அந்த இடைவெளியில் சாட்சி சொல்வதும் உட்கருவின் எதிர்ப்பொருளே. 1972இல் ஸ்வீடனில் மாக்னியஸ், எஸ்ப்மார்க் என்ற இருவர் கண்ட 'ஈ' ஆன்டிஜென் இருந்தால், வைரஸ் மும்முரமாகப் பெருகுகிறது, எளிதில் பிறருக்குத் தொற்றக்கூடும் என்று பொருள். சட்டைப் புரதம் உண்டா இல்லையா என்பதோடு நில்லாமல், இன்று அதன் அளவையும் சர்வதேச அலகுகளில் கணக்கிடுகிறார்கள். அந்த அளவு படிப்படியாகக் குறைந்து வருவது நோய் அடங்குவதற்கு ஓர் அறிகுறி.

இப்படி அளக்கத் தெரிந்த பிறகு மறைந்திருந்த உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முதலாவது உண்மை இரத்த வங்கிகளைப் பற்றியது. நோயின் சாயலே இல்லாத கொடையாளி ஒருவர் வைரஸைச் சுமக்கக்கூடும் என்று தெரிந்ததும், கொடையாக வரும் இரத்தத்தைச் சோதிக்காமல் ஏற்றுவது குற்றமாயிற்று. நம் நாட்டிலும் ஒவ்வொரு புட்டி இரத்தத்துக்கும் இந்தச் சோதனை சட்டப்படி கட்டாயம்.

இரண்டாவது உண்மை தாயையும் சேயையும் பற்றியது. வளர்ந்த மனிதரைத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே நோய் நாட்படுகிறது. பிறக்கும் வேளையில் தாயிடமிருந்து தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. தாய்க்குக் காமாலையே வந்திருக்காது. பிள்ளைக்கும் நாற்பது வயது வரை ஒன்றும் தெரியாது.

மூன்றாவது உண்மை எல்லாவற்றினும் கொடியது. தைவானில் பீஸ்லி என்ற மருத்துவர் 22,707 ஆடவரின் இரத்தத்தைச் சோதித்துப் பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தார். 1981இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, மேற்சட்டைப் புரதத்தைச் சுமந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம், சுமக்காதவர்களைவிட 223 மடங்கு அதிகமாக இருந்தது. புற்றுநோயின் பரம்பரைக் குறி என்று பிளம்பர்க் முதலில் ஊகித்தது பொய்த்தது. ஆனால் அந்தப் புரதத்துக்கும் ஒரு புற்றுநோய்க்கும் உறவு இருக்கத்தான் செய்தது.

பழைய புதிர்களும் அவிழ்ந்தன. 1942இல் மஞ்சட்காய்ச்சல் ஊசி குத்திக்கொண்ட முன்னாள் படைவீரர்களைத் தேடிப்பிடித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த முடிவு 1987இல் வெளியாயிற்று. ஊசி குத்திக் காமாலை கண்டவர்களில் நூற்றுக்கு 97 பேரிடம் ஹெபடைடிஸ்-பி எதிர்ப்பொருள் இருந்தது. அதே மருந்தைக் குத்திக்கொண்டும் நோயே தெரியாதிருந்தவர்களிலும் நூற்றுக்கு 76 பேரிடம் அது இருந்தது. சீரம் கலவாத மருந்தைப் பெற்றவர்களில் அது 13 பேரிடமே காணப்பட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஊசியை இரத்தம் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஐம்பதாயிரமாக இருந்த அந்தத் தொற்று, உண்மையில் சுமார் 3,30,000 பேரைத் தீண்டியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கண் மஞ்சளாகாத அத்தனை பேரையும் பழைய மருத்துவம் காணவே இல்லை.

டில்லிக்கும் நியாயம் கிடைத்தது. 1955-56 கொள்ளைநோயில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த சீரங்களைப் பின்னர் சோதித்து, அந்த முடிவை 1980இல் வெளியிட்டார்கள். நோய்க்குக் காரணம் ஏயும் அன்று, பியும் அன்று. அது மூன்றாவதொரு வைரஸ். இன்று அதனை ஹெபடைடிஸ்-ஈ என்கிறோம். கால் நூற்றாண்டுக் காலம் ஒரு பெருநகரத்தின் நோய் வேறொரு பெயரால் வழங்கி வந்தது என்றால், கண்ணை மட்டும் நம்பிய மருத்துவத்தின் எல்லை எது என்பது விளங்கும்.

நோயைக் காட்டிய புரதமே நோயைத் தடுக்கும் மருந்தும் ஆயிற்று. கிருமியில்லாத வெறும் சட்டைகளைப் பிரித்தெடுத்து உடலுக்குக் காட்டினால், உடல் முன்கூட்டியே ஆயுதம் செய்துகொள்ளும் அல்லவா? 1969இல் பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். 1976இல் பிளம்பர்க் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1981இல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. 1986இல், இரத்தத்தின் தேவையே இல்லாமல் ஈஸ்டில் அந்தப் புரதத்தை வளர்த்தெடுக்கும் முறை வந்தது. விலைதான் ஏழை நாடுகளுக்கு எட்டாதிருந்தது. 1997இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தத் தடுப்பூசியை இந்தியாவிலேயே உற்பத்தி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு விலை இறங்கிற்று. நம் அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் அது 2002-03இல் சில இடங்களில் தொடங்கி, 2011-12 அளவில் நாடு முழுவதற்கும் விரிந்தது.

தொடக்கத்தில் சொன்ன கீழாநெல்லியை நான் மறந்துவிடவில்லை. அதை மறக்காத இன்னொருவர் பிளம்பர்க். சென்னையில் தியாகராஜன் முதலிய ஆராய்ச்சியாளர்களோடு அவரும் சேர்ந்து, 1988இல் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோயின் அறிகுறியின்றி வைரஸைச் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேரிடம் மேற்சட்டைப் புரதம் மறைந்ததாகவும், போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடமே மறைந்ததாகவும் அது கூறியது. நம் பாட்டிமார் வென்றுவிட்டார்கள் என்றே அன்று பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. எல்லாவற்றையும் தொகுத்து ஆராய்ந்தவர்கள், கீழாநெல்லி ஹெபடைடிஸ்-பியைத் தீர்க்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறினார்கள்.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகக் குணமானவர்களைக் கண்டோமே என்று கேட்கலாம். கண்டது மெய்யே. ஏ வகையும் ஈ வகையும் பெரும்பாலும் தாமே அடங்குபவை. வளர்ந்தவர்களைத் தொற்றும் பி வகையும் பெரும்பாலோரிடம் தானே நீங்கிவிடும். மஞ்சள் மறைந்ததும் செடிக்கு நன்றி சொன்னோம். மஞ்சள் மறைந்தும் புரதம் மறையாதவர்களை நாம் காணவில்லை. காணும் கருவி நம்மிடம் இல்லை. ஒரு மருந்தை மெய்யென்றும் பொய்யென்றும் தீர்ப்பதற்குக் கண் போதாது, அளவு வேண்டும். கீழாநெல்லியைச் சோதித்ததும் அந்தப் புரத அளவுதான். பிறகு அதற்குச் சான்று போதாது என்று காட்டியதும் அதே புரத அளவுதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ்-பியுடன் வாழ்ந்தனர். இந்தியாவில் மட்டும் சுமார் மூன்று கோடிப் பேர். உலகில் இந்நோயைச் சுமப்பவர்களுள் தமக்கு அது உண்டென்று கண்டறியப்பட்டவர்கள் நூற்றுக்கு 13 பேரே. மற்றவர்கள் நம்மிடையே வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள், கண் வெண்மையாகவே இருக்கிறது. 2009இல் குஜராத்தின் மோடாசா பகுதியில் பலர் உயிரிழந்த ஹெபடைடிஸ்-பி பரவலுக்கு, ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தியதே காரணமாகக் காணப்பட்டது. பிரேமன் நகரத்துப் பாடத்தை 126 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் முழுதும் கற்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

அன்னிய மண்ணில் பிழைக்க வந்தவர்களுக்கு நோயைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. வேலையில் சேரும்போது எடுக்கும் பரிசோதனையில் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் பிழைப்பு போய்விடுமோ, வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வாரோ, பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போகுமோ என்பதே அது. அந்த அச்சத்தினாலேயே சோதனைக்குப் போகாதவர்கள் உண்டு. ஆகவே இதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வைரஸ் ஒரே பந்தியில் உண்பதால் பரவாது, ஒரே தம்ளரில் குடிப்பதால் பரவாது, கைகுலுக்குவதால் பரவாது, குழந்தையை முத்தமிடுவதால் பரவாது. இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்துமே பரவும். ஆகவே ஒருவர் சவரம் செய்த பிளேடும், ஒருவருக்குக் குத்திய ஊசியும் இன்னொருவருக்கு ஆகாது. சோதனையில் புரதம் காணப்பட்டவரை ஒதுக்கிவைக்க மருத்துவத்தில் நியாயமே இல்லை. வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உண்டு. 2018 ஜூலை 28இல், பிளம்பர்க்கின் பிறந்த நாளன்றே, தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சோதனையும் சிகிச்சையும் இலவசமாக அளிக்க ஏற்பாடு உண்டு.

எந்த மாநிலத்தில் இருந்தாலும், கருவுற்ற பெண்ணுக்கு இந்த ஒரு சோதனையைச் செய்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். தாயிடம் புரதம் காணப்பட்டால் மருத்துவர் சொல்லும் மற்ற மருந்தையும் தயங்காமல் கொடுக்கச் செய்யுங்கள். பாட்டியின் கைமருந்தில் நமக்குள்ள அன்பு குறையவேண்டியதில்லை. ஆனால் அவர் கண்ணின் வெள்ளையைப் பார்த்தது பேரன் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே. அதே காரணத்துக்காக அடுத்த தலைமுறை ஒரு சொட்டு இரத்தத்தைப் பார்க்கிறது. அவர் இன்று இருந்தால், முதல் ஆளாக நம்மை அந்தச் சோதனைக்கு அனுப்பிவைப்பார்.